பூனைத் தோட்டமும் பூனைச் சந்தையும்

மனிதனோடு வாழும் விலங்குகளுள் பூனையின் வரலாறு தனிப்போக்குடையது. ஆட்டையும் மாட்டையும் குதிரையையும் மனிதன் தேடிப் பிடித்துக் கட்டிப் பழக்கினான். பூனையோ தானே வந்து சேர்ந்தது. மேற்காசியாவில் உழவு தொடங்கிய நாளில் தானியக் குதிர்களை நாடி எலிகள் வந்தன. எலிகளை நாடிக் காட்டுப் பூனைகள் வந்தன. எலியை ஒழிக்கும் விருந்தாளியை விரட்ட எவருக்கும் மனம் வரவில்லை. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், மனித எலும்புக்கூட்டின் அருகே ஓர் இளம்பூனையின் எலும்புக்கூடும் கிடந்ததை அகழ்வாய்வாளர் 2004இல் உலகுக்கு அறிவித்தனர். அத்தீவுக்கே உரிய காட்டுப் பூனை எதுவும் கிடையாது. ஆகவே கடல் கடந்த மனிதன் தன் படகில் பூனையையும் ஏற்றிச் சென்றிருக்கிறான். உறவு அவ்வளவு பழையது.

அந்தப் பழைய உறவில் இன்று ஒரு புதிய வினா எழுந்துள்ளது. நம் வீட்டுப் பிள்ளைகள் பூனை வளர்க்க ஆசைப்படுகிறார்கள். தெருவில் திரியும் குட்டியைக் காட்டினால் முகம் சுளிக்கிறார்கள். கடையில் கண்ட தட்டைமுகப் பாரசீகப் பூனையே வேண்டும் என்கிறார்கள். கைபேசித் திரையில் கண்ட மடிந்த காதுப் பூனையும் உரோமமற்ற பூனையும் அவர்கள் ஆசைப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. பெற்றோரும் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கித் தருகிறார்கள். அந்தத் தட்டை முகமும் மடிந்த காதும் பூனைக்கு எவ்வாறு வாய்த்தன? அவற்றால் அந்த வாயில்லாச் சீவன் படும் பாடு என்ன? வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இவற்றுக்கு விடை கிடைக்கும்.

போற்றுதலும் இரக்கமும்

பண்டைய எகிப்தியர் பூனையைத் தெய்வத்தோடு சேர்த்துப் போற்றினர். வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் புருவத்தை மழித்துத் துக்கம் காத்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஆனால் அதே எகிப்தில், பிற்காலத்தில், பூனைமுகத் தேவதைக்குக் காணிக்கை செலுத்துவதற்கென்றே பூனைகள் பெருந்தொகையாக வளர்க்கப்பட்டன. குட்டிப் பருவம் கடவாத முன்பே அவற்றுள் பல கழுத்து முறிக்கப்பட்டு, துணியில் சுற்றப்பட்டு, பதப்படுத்தப்பட்டன. அத்தகைய உடல்கள் ஏறத்தாழ 19 டன் எடையளவுக்கு 1890இல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்குக் கப்பலேறிச் சென்று, வயல்களுக்கு உரமாக விற்கப்பட்டன.

ஓர் உயிரைப் போற்றுவது ஒன்று. அதன்மீது இரக்கம் கொள்வது மற்றொன்று. போற்றுகிறவன் தன் விருப்பத்தைப் பார்க்கிறான். இரங்குகிறவன் அவ்வுயிரின் தேவையைப் பார்க்கிறான். இந்த வேறுபாட்டை நாம் நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பூனையைப் பற்றி அறிவுறுத்தியவை இரக்கத்தின் வழிப்பட்டவை. ஒரு பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது பூமியில் ஊரும் சிற்றுயிர்களைத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகிற்குரியவளானாள் என்ற செய்தியை புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு பெருந்தொகுப்புகளும் பதிவு செய்துள்ளன. இங்கு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பூனையைத் தன் வசத்தில் வைத்துக்கொண்டு அதன் இயல்பான வாழ்வைத் தடுத்ததே அப்பெண்ணின் குற்றம். உணவு தா, இல்லையேல் அதன் வழியில் விடு என்பதே அதன் உட்கிடை.

தோழர் அபூகதாதா (ரலி) அவர்களின் வரலாறும் இத்தகையதே. அவர்களுக்கு ஒளூச் செய்ய மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றி வைத்தபோது ஒரு பூனை குடிக்க வந்தது. அது வசதியாகக் குடிக்கும் வண்ணம் அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் வியந்து நோக்கவே, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்று பெருமானார் (ஸல்) மொழிந்ததை எடுத்துரைத்தார்கள். வீட்டில் உரிமையோடு வந்துபோகும் ஏவலரைக் குறிக்கும் சொல்லோடு நெருங்கியது அங்கே ஆளப்பட்ட அரபுச் சொல். நபிமொழிகளை மிகுதியாக அறிவித்த தோழருக்கோ பூனைக்குட்டியே பெயராயிற்று. ஆடு மேய்த்த நாளில் தம்மோடு ஒரு குட்டியை வைத்து விளையாடியமையால் தமக்கு அபூஹுரைரா என்ற பெயர் வந்ததாக அவர்களே கூறியது திர்மிதீயில் உள்ளது.

மேலங்கியின் கைப்பகுதியில் பூனை உறங்க, அதை எழுப்ப மனமின்றித் துணியை வெட்டிவிட்டுத் தொழுகைக்குச் சென்ற வரலாற்றை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு இணைத்து மக்கள் பேசுவதுண்டு. ஹதீஸ் தொகுப்புகளில் அதற்கு இடமில்லை. இறைநேசர் சரிதைகளில் அது, ஈராக்கில் 1182இல் மறைந்த அஹ்மதுல் கபீர் ரிஃபாயி (ரஹ்) அவர்களைப் பற்றிய செய்தியாகவே காணப்படுகிறது. தொழுகை முடிந்து திரும்பியபின் வெட்டிய துணியை அவர்கள் மீண்டும் தைத்துக்கொண்டார்கள் என்றும் அச்சரிதை கூறும்.

கெய்ரோவில் 1077இல் காலமான இலக்கண மேதை இப்னு பாபஷாத் அவர்களைப் பற்றி வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் ஒரு நிகழ்ச்சியைத் தருகிறார். பள்ளிவாசலின் மேல்தளத்தில் அவர் உணவருந்துகையில் ஒரு பூனை வந்தது. கொடுத்த கவளத்தை அது வாயில் கவ்விக்கொண்டு போவதும், மீண்டும் வெறும் வாயோடு வருவதுமாக இருந்தது. பின்தொடர்ந்து பார்த்தபோது, அருகிருந்த பாழிடத்தில் கிடந்த ஒரு குருட்டுப் பூனைக்கு அது உணவு சுமப்பது தெரிந்தது. பேச்சற்ற குருட்டு உயிருக்கே உணவு வரும் வழியை இறைவன் அமைத்திருக்கும்போது என்னை அவன் கைவிடுவானா என்று எண்ணிய அவர், அரசுப் பணியைத் துறந்து பள்ளிவாசலில் ஒதுங்கி வாழ்ந்தார்.

சுல்தானின் தோட்டம்

இவ்விரக்கம் தனிமனிதரோடு நின்றுவிடவில்லை, நிறுவனமாகவும் உருப்பெற்றது. எகிப்தையும் சிரியாவையும் 1260 முதல் 1277 வரை ஆண்ட மம்லூக்கிய சுல்தான் அழ்ழாஹிர் பைபர்ஸ், மங்கோலியரையும் சிலுவைப் போர்ப் படையினரையும் எதிர்த்து நின்ற வன்மை மிக்க போர்வீரர். அவர் கெய்ரோவின் வடபுறத்தில் தம் பெயரால் எழுப்பிய பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தை ஆதரவற்ற பூனைகளின் பராமரிப்புக்கென வக்ஃபு செய்தார். 'கைத்துல் குத்தா' என வழங்கிய அதன் பெயருக்குப் பூனைத் தோட்டம் என்பதே பொருள்.

ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தபின், 1820களிலும் 1830களிலும் கெய்ரோவில் தங்கி ஆராய்ந்த ஆங்கில அறிஞர் எட்வர்ட் வில்லியம் லேன், அத்தோட்டத்தின் பிற்கால நிலையைத் தம் நூலில் எழுதினார். 1836இல் வெளிவந்தது அந்நூல். தோட்டம் பலமுறை கைமாறிவிட்டது. ஆண்டுக்குப் பதினைந்து பியாஸ்டர் எனும் அற்ப வாடகையே பூனைகளுக்கென எஞ்சியது. அறக்கட்டளைகளுக்கெல்லாம் காவலர் என்ற முறையில் எஞ்சிய செலவு காஜியின் தலையில் விழுந்தது. அஸர் வேளையில் நீதிமன்றத்தின் பெரிய முற்றத்துக்கு இறைச்சிக் கழிவுகள் கொண்டுவரப்படும். பூனைகள் கூடித் தின்னும். வீட்டில் பூனை வளர்க்க இயலாதவர்கள் அதைக் கொண்டுவந்து அம்முற்றத்தில் விட்டுச் செல்வதும் வழக்கமாயிருந்தது. எகிப்தில் பூனை காணிக்கைப் பொருளாக மடிந்த காலமும் உண்டு. நீதிபதியின் முற்றத்தில் உரிமையோடு உண்ட காலமும் உண்டு.

பைபர்ஸ் மறைந்த அதே 1277ஆம் ஆண்டில் சிரியாவில் மறைந்தவர்கள் இமாம் நவவி (ரஹ்) அவர்கள். சுல்தானுக்கு அஞ்சாமல் குடிமக்களின் துயரை எழுதி அனுப்பிய பெருமகனார். நம் கடற்கரையூர்களில் பயிலும் ஷாஃபி மத்ஹபின் தூண்களுள் ஒருவர். ஸஹீஹ் முஸ்லிமுக்கு அவர்கள் வரைந்த விரிவுரையில் பூனையின் விலை பற்றிய விவாதம் இடம்பெறுகிறது. நாயின் விலையையும் பூனையின் விலையையும் பெருமானார் (ஸல்) தடுத்ததாகத் தோழர் ஜாபிர் (ரலி) வாயிலாக வந்த செய்தியே அவ்விவாதத்தின் தோற்றுவாய். முற்காலத்தார் சிலர் பூனை விற்பனையே கூடாது என்றனர். பெரும்பாலோர் பயனுள்ள பூனையை விற்பது செல்லும் என்றனர். நவவி அவர்களின் முடிபும் அதுவே. எனினும் தடைக்கு அவர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று நம் உள்ளத்தைத் தொடுகிறது. மக்கள் பூனையை ஒருவருக்கொருவர் அன்பளிப்பாகவும் இரவலாகவும் தாராளமாகக் கொடுத்துப் பழகவேண்டும் என்பதற்காகவே அவ்விலை விரும்பத்தகாததாக்கப்பட்டது என்பது அவ்விளக்கம். பெரும்பாலும் நடைமுறையும் அப்படியே இருந்தது என்றும் குறிப்பிடுகிறார்கள். ஆக, அந்நாளைய நகரங்களில் பூனை கைமாறிய வழி கொடையாக இருந்தது. குட்டி ஈன்ற வீட்டிலிருந்து கேட்டவர் வீட்டுக்கு அது சென்றது.

பாரசீகத்திலிருந்து இலண்டனுக்கு

ஐரோப்பாவில் கதை வேறு திசையில் திரும்பியது. இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே 1620இல் இஸ்ஃபஹானிலிருந்து எழுதிய மடலில், குராசான் பகுதியின் நீண்ட பட்டுரோமப் பூனைகளை வியந்து புகழ்ந்தார். அவற்றை ரோமுக்குக் கொண்டுசெல்லும் விருப்பத்தையும் தெரிவித்தார். துருக்கியின் அங்காராவிலிருந்து அங்கோரா எனும் வெண்பூனைகளும் பிரான்சின் செல்வர் இல்லங்களுக்குச் சென்றன. கீழை நாட்டுப் பட்டையும் கம்பளத்தையும் போலப் பூனையும் அங்கே ஓர் அரிய பொருளாயிற்று.

1871ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் மாளிகையில் ஏறத்தாழ 170 பூனைகளை வைத்து ஒரு கண்காட்சி நடைபெற்றது. நடத்தியவர் ஹாரிசன் வியர் எனும் ஓவியர். புறக்கணிக்கப்பட்டுக் கிடந்த எளிய வீட்டுப் பூனையின் மதிப்பை மக்கள் உணரவேண்டும் என்பதே அவர் நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் கண்காட்சிக்கு நடுவர் வேண்டும்; நடுவருக்கு அளவுகோல் வேண்டும். காது இவ்வாறு, கண் இவ்வாறு, மூக்கு இவ்வாறு என்று இலக்கணங்கள் வகுக்கப்பட்டன. இவ்வகை என்றால் இவ்வடிவம் என்ற வரையறை பிறந்தது. 1887இல் தேசியப் பூனைச் சங்கம் தோன்றியபோது வியரே அதன் தலைவரானார். பின்னர் அவரே விலகினார். பூனைகளின் நலனைக் காட்டிலும் பரிசுகளை வெல்வதிலேயே உறுப்பினர் கருத்தாக இருக்கின்றனர் என்பது அவருடைய மனக்குறை.

அந்த மனக்குறையின் பொருளைப் பாரசீகப் பூனையின் முகத்தில் படிக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்த ஒளிப்படங்களில் அப்பூனைக்கு மூக்கு மூக்காகவே இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் தட்டைமுகமே அழகெனக் கொள்ளப்பட்டு, தலைமுறை தலைமுறையாக அத்தகையவற்றையே இணைசேர்த்ததன் விளைவாக மூக்கு இரு கண்களுக்கிடையே ஏறிக்கொண்டது. இதனால் மூச்சுப் பாதை குறுகுகிறது. கண்ணீர் வடியும் வழி வளைந்து அடைபட, கண்கள் ஓயாமல் நீர் சொரிகின்றன. பற்கள் ஒழுங்கின்றி முளைக்கின்றன. 2008இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, இன்றைய பாரசீகப் பூனை மேற்காசியப் பூனைகளைவிட மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருங்கிய உறவுடையது எனக் காட்டியது. குராசானின் பெயர் மட்டுமே அதனிடம் எஞ்சியிருக்கிறது.

நோயே அடையாளமான வகைகள்

ஒரு வகையில் நோய் நுழைவது வேறு. நோயே அவ்வகையின் அடையாளமாக அமைவது வேறு. பாரசீகப் பூனைகளிடையே சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய் மிகுதியாகக் காணப்பட்டது. அதற்குக் காரணமான மரபணுப் பிழை 2004இல் கண்டறியப்பட்டது. சோதனை செய்து, நோயுள்ளவற்றை இணைசேர்க்காமல் விட்டால் அந்நோய் குறையும். பூனை அப்போதும் பாரசீகப் பூனையாகவே இருக்கும்.

ஸ்காட்டிஷ் ஃபோல்ட் எனும் மடிசெவிப் பூனையின் செய்தி அத்தகையதன்று. 1961இல் ஸ்காட்லாந்தின் கூப்பர் ஆங்கஸ் ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் சூசி என்ற வெண்பூனையின் காதுகள் முன்புறம் மடிந்திருக்கக் கண்டனர். அப்பகுதி இடையர் ஒருவர் அதன் குட்டியைப் பெற்று வளர்த்தார். அவ்வழியில் வந்ததே இவ்வகை முழுவதும். காது ஏன் மடிந்தது? குருத்தெலும்பு உறுதியாக வளராமையால் மடிந்தது. குருத்தெலும்பு காதில் மட்டுமா இருக்கிறது? கால் மூட்டுகளிலும் வாலிலும் உண்டு. அங்கெல்லாம் அதே குறை எலும்பைத் திருகி, மூட்டை இறுக்கி, நடையை வேதனையாக்குகிறது. சில பூனைகளுக்கு வேதனை மிகுதி, சிலவற்றுக்குக் குறைவு. பெற்றோருள் ஒன்றிடமிருந்து மட்டும் அம்மரபணு வந்தாலும் கேடு உண்டு. அதற்குரிய மரபணு மாற்றம் 2016இல் இனங்காணப்பட்டது. மடிந்த காதை வைத்துக்கொண்டு நோயை மட்டும் நீக்கலாம் என்பதற்கு இங்கே வழியில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றே. அந்தப் பூனை அசையாமல் சாதுவாக அமர்ந்திருப்பதைக் கண்டு மகிழ்வோர், வலியினால் அது அசையாதிருக்கக் கூடும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பிறந்த நாட்டின் பூனைப் பேரவை 1970களின் தொடக்கத்திலேயே அவ்வகையைப் பதிவதை நிறுத்திற்று. ஆனால் அமெரிக்காவில் அது வரவேற்கப்பட்டு உலகெங்கும் பரவியது.

1966இல் கனடாவின் டொராண்டோ நகரில் உரோமமின்றிப் பிறந்த குட்டியிலிருந்து ஸ்ஃபிங்ஸ் எனும் வகை தொடங்கியது. குளிரும் வெயிலும் அதன் தோலை நேரே தாக்கும். பூனைக்கு இருளில் வழிகாட்டும் மீசை மயிரும் அதற்கு இல்லை, அல்லது குறைந்து சிதைந்து காணப்படும். 1983இல் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் கண்டெடுத்த ஒரு குட்டைக்கால் பூனையிலிருந்து மஞ்ச்கின் வகை உருவாயிற்று. எலும்பு வளர்ச்சிக் குறையே அதற்கு அழகாயிற்று. இயற்கையில் இத்தகைய குறையோடு ஓர் உயிர் பிறப்பதுண்டு. அதைப் பரிவோடு வளர்ப்பது கடமை. ஆனால் அக்குறையையே பெருக்கி, ஆயிரமாயிரம் குட்டிகளில் பதித்து, விலைக்கு விற்பது அந்தக் கடமையில் அடங்குமா?

நாடுகள் விழித்துக்கொண்டன. ஜெர்மனி தன் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இலேயே துன்பம் விளைக்கும் இனவிருத்திக்குத் தடை விதித்தது. நெதர்லாந்தில் அத்தகைய இனவிருத்தி 2014 முதல் தடை செய்யப்பட்டது. 2026 ஜனவரி 1 முதல் மடிசெவிப் பூனையையும் உரோமமற்ற பூனையையும் புதிதாக வைத்திருப்பதற்கே அந்நாடு தடை விதித்தது. முன்பே பிறந்து அடையாளச் சில்லு பொருத்தப்பட்டவை மட்டும் தம் இல்லங்களில் ஆயுள் முடிய வாழலாம்.

மறுப்புகளும் விடைகளும்

சிலர் கேட்கக்கூடும். கழுதையையும் குதிரையையும் இணைத்துக் கோவேறு கழுதையைப் பெற்றார்களே, அதன்மீது பெருமானார் (ஸல்) அவர்களும் ஏறிச் சென்றார்களே, இனக்கலப்பில் குற்றம் உண்டோ என்று. நம் கேள்வி கலப்பைப் பற்றியதே அன்று. கோவேறு கழுதை திடகாத்திரமான விலங்கு. மலைப்பாதையில் சுமை தூக்க வல்லது. மூட்டு இறுகிய பூனையோ தன் உடலையே சுமக்க இயலாமல் தவிக்கிறது. நீண்ட உரோமமோ புள்ளி வண்ணமோ பூனைக்குத் துன்பம் தராதவரை அவற்றை விரும்புவதில் தவறு காண நாம் முற்படவில்லை. துன்பமே அழகின் விலையாகும்போதுதான் மறுக்கிறோம். முகத்தில் சூடிடப்பட்ட கழுதையைக் கண்டு, அவ்வாறு செய்தவனைச் சபித்த நபியின் வழிவந்தவர்கள், முகமே நோயாக வடிக்கப்பட்ட உயிரைக் கண்டு வாளாவிருக்கலாமோ?

வேறு சிலர், குட்டி பிறந்துவிட்டது, நாம் வாங்காவிட்டாலும் மற்றொருவர் வாங்குவார், நாமாவது அன்பாக வளர்ப்போமே என்பர். அவர்கள் இரக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் கொடுத்த பணம் அந்தக் குட்டியோடு நின்றுவிடுவதில்லை. அதன் தாய் மீண்டும் சினையாவதற்கு அப்பணமே கட்டளையாகிறது. வாங்குவோர் உள்ளவரை வடிப்போரும் இருப்பர்.

ஏற்கெனவே அத்தகைய பூனையை வளர்க்கும் குடும்பங்களுக்கு நாம் சொல்வது வேறு. அது உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் பிறப்பில் அதற்குப் பங்கில்லை. கண்ணைத் துடைத்து, உரோமத்தைச் சீவி, வெப்ப நாட்டில் அதற்கு நிழலும் நீரும் தந்து, கால்நடை மருத்துவரிடம் காட்டி, இறுதிவரை காத்து வாருங்கள். தெருவில் விட்டுவிடாதீர்கள்; கட்டி வைத்தவளின் குற்றத்துக்கு அது குறைந்ததாகாது. அதை இணைசேர்த்துக் குட்டிகளை விற்க மட்டும் நினையாதீர்கள்.

புதிதாகப் பூனை வளர்க்க விரும்பும் இல்லத்தார் முதலில் தம் தெருவைப் பார்க்கட்டும். மழைக்கு ஒதுங்கிப் பள்ளிவாசல் திண்ணையில் சுருண்டு கிடக்கும் குட்டிக்கு நல்ல மூக்கு இருக்கிறது. நிமிர்ந்த காது இருக்கிறது. நம் வெயிலுக்கு ஏற்ற உரோமம் இருக்கிறது. அதற்கு இல்லாதது ஒரு வீடு. கொண்டுவந்து தடுப்பூசி போட்டு ஒரு கிண்ணம் சோறும் மீனும் வைத்தால், பிள்ளைகளுக்குத் தோழனாகும், வீட்டுக்கு எலிக்காவலாகும். அண்டை வீட்டில் குட்டி ஈன்றிருந்தால் கேட்டு வாங்கலாம்; தம் வீட்டில் ஈன்றால் கேட்போருக்குக் கொடுக்கலாம். நவவி இமாம் விரும்பிய வழக்கமும் அதுவே.

பைபர்ஸின் தோட்டம் விற்றுத் தீர்ந்துவிட்டது. அதற்கு எல்லை வகுத்த பத்திரமும் பயனிழந்தது. ஆனால் அவ்வறத்தைத் தொடர ஒரு சுல்தானின் செல்வம் தேவையில்லை. வாசற்படியில் ஒரு கிண்ணம் போதும்.